பெல்டன் துரையின் பொய்முடி

லண்டனின் மிச்சம் பகுதித் தேவாலய மண்டபத்தில் கஸ்பர் எழுதாத நாடகம் மேடையேறியதே இல்லை. இருபத்திரண்டு வருடமாக எழுதுபவர் அவர், பழக்குபவர் அவர், கடைசியில் நடுவில் நின்று கைதட்டு வாங்குபவரும் அவரேதான். மேடையோரத் திரைக்குள் கொப்பியோடு இருந்து வசனம் எடுத்துக்கொடுப்பது மட்டும் மனைவி பெர்னடெற்.

இந்த வருடம் பெல்டன் துரையின் கதை. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் இதே லண்டனில் நாடகக் கொட்டகை நடத்தி, தானே எழுதி, தானே நடித்த மனிதர். "என்னைப் போலை ஒராள்," என்று கஸ்பர் சொன்னபோது பெர்னடெற்றுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. கடைசிக் காட்சியில், வயது போன துரை தன் பொய்முடியைக் கழற்றி இளம் நடிகனின் தலையில் வைத்து விடைபெற வேண்டும். மூன்று ஒத்திகையிலும் கஸ்பருக்கு அந்த இடத்தில் வசனம் வரவில்லை. எழுதினவருக்கே வரவில்லை! ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்குப் பங்குச் சனம் முழுவதும் வந்துவிடும். அத்தனை பேருக்கு முன்னால் மனுசன் வாயடைத்து நிற்பதை அவளால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. துரை வேடத்தை இளைஞன் றஜீவுக்குக் கொடுங்கோ என்று சொல்லவும் மனம் வரவில்லை.

நாலாவது ஒத்திகை. அதே இடம்.

"இனி என் இடம்..." என்று எடுத்துக்கொடுத்தாள்.

"தெரியும், தெரியும்!" கஸ்பர் சீறினார். "ஒவ்வொருக்காலும் முந்திக்கொண்டு வாறாய்."

"சரி, நான் வாய் திறக்கேல்லை. நீங்களே சொல்லுங்கோ."

கொப்பியை மூடி மடியில் வைத்துவிட்டாள். இளம் நடிகனாக எதிரில் நின்ற றஜீவ் நிலத்தைப் பார்த்தான். கஸ்பர் வாயைத் திறந்தார், மூடினார். பாவம், வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் பெர்னடெற் கொப்பியைத் திறக்கவில்லை.

கஸ்பர் பொய்முடியைக் கழற்றி றஜீவின் தலையில் வைத்தார். நாடகத்தில் உள்ளபடிதான். பிறகு சொன்னதுதான் கொப்பியில் இல்லாதது.

"துரையை நீ செய் தம்பி. எனக்கு மறக்குது."

நேரே திரைக்குள் வந்து, கதிரையை இழுத்துப் போட்டு அவளருகே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"கோவமே?" என்றார்.

"சும்மா இருங்கோப்பா," என்று கொப்பியை இருவர் மடியிலுமாக விரித்தாள்.

றஜீவின் பழைய இடத்துக்கு, குழுவில் இருந்த சிவதர்ஷன் வந்து நின்றான். காட்சி மறுபடி தொடங்கியது. அந்த இடம் வந்ததும் றஜீவும் தடக்கினான்.

"இனி என் இடம் திரைக்குப் பின்னால்!" ஒரு சொல் பிசகாமல், மண்டபம் அதிர எடுத்துக்கொடுத்தார் கஸ்பர்.

"தெரியும் அங்கிள், தெரியும்!" என்றான் றஜீவ் எரிச்சலோடு.

பெர்னடெற் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.