பின்கதவுத் தாழ்ப்பாள்

ஃப்ரெஸியா தலைநகரத்துக்காரி. பாதி ஆயுளை சாந்தியாகோவில் இரும்புக் கிராதிக்குப் பின்னால் நின்று ரொட்டி விற்றே கழித்தவள். கணவனோடு ஒத்துவராமல் பிரிந்த பிறகு, கையிலிருந்ததையெல்லாம் துடைத்தெடுத்துக்கொண்டு தெற்கே, கடலோரத்தில் மழையில் ஊறிக் கிடக்கும் லாஸ் கனேலோஸுக்கு வந்து ஒரு ரொட்டிக் கடையை வாங்கினாள். கடையோடு விறகடுப்பும், அடுப்போடு அதில் ரொட்டி சுடுகிற எலியாசரும் சேர்ந்தே வந்தார்கள்.

"எலியாசர் தங்கமான ஆளு. ஆனா இரண்டாம் குழுவுல இருக்கான், அதை மட்டும் தெரிஞ்சுக்குங்க" என்று விற்றவர் சொன்னார். இவள் ஏதோ பாட்டுக் குழு என்று நினைத்துக்கொண்டு தலையாட்டி வைத்தாள்.

பாட்டுக் குழுவாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அது தீயணைப்புக் குழு. எங்கள் ஊரில் தீயை அணைக்கச் சம்பளக்காரர்கள் கிடையாது. ரொட்டி சுடுகிறவன், முடிவெட்டுகிறவன், ஆணி விற்கிறவன் எல்லாரும் சைரன் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். மரத்தால் கட்டிய வீடுகள், நாளெல்லாம் எரிகிற விறகடுப்புகள். சைரனுக்கு இங்கே ஓய்வு கொஞ்சம்தான்.

முதல் சைரன், இங்கே குளிர்காலமான ஜூன் மாதத்து மழையில் ஊதியது. எலியாசர் மாவுக் கையோடு ஓடிப்போனான். என்ன ஏதென்று புரியாமல் ஃப்ரெஸியா விழித்துக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. பக்கத்து மீன் கடைக்காரி சோய்லா, ரப்பர் காலணியும் ஈர ஏப்ரனுமாக, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே தன் வீட்டுக்குள் வருகிறவளைப்போல வந்தாள்.

"என்ன வேணும்?" என்றாள் ஃப்ரெஸியா.

"ஒண்ணும் வேணாம்மா. கடையப் பாத்துக்க வந்தேன்."

தலைநகரில் கூப்பிடாமல் கடைக்குள் நுழைகிறவன் ஒன்று திருடன், இல்லை வரி அதிகாரி. மூன்றாவது வகை ஒன்று உண்டென்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"என் கடைய எனக்குப் பாத்துக்கத் தெரியும்" என்று சொல்லி, சோய்லாவின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். முன்னால் வாடிக்கையாளரைக் கவனிப்பதா, பின்னால் அடுப்பைக் கவனிப்பதா என்று அல்லாடியதில் அன்றைய ரொட்டி முழுக்கக் கரியாகப் போனது. அதற்கும் எலியாசரைத்தான் திட்டினாள்.

அதன் பிறகு சைரன் எத்தனை முறை ஊதியும் அந்தப் பின்கதவை யாரும் தட்டவில்லை. தாழ்ப்பாள் போட்டவள் கதவைத் தட்டி அவளைச் சங்கடப்படுத்துவானேன் என்று தெருவே ஒதுங்கிக்கொண்டது. ஃப்ரெஸியாவோ, இந்த ஊர்க்காரர்கள் ஒட்டாத ஜாதி என்று தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னாள். குழு மண்டபத்தின் கூரை ஒழுகுகிறது, கடைக்காரர்கள் முடிந்ததைச் செய்யுங்கள் என்று முடிதிருத்துகிற ஹூவெனால் தெருவில் கேட்டுக்கொண்டு வந்தபோது, "என் ஆளையே தர்றேனே, அது போதாதா?" என்றாள். ஹூவெனால் தொப்பியைத் தொட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனான்.

இப்படியே செப்டம்பர் வந்தது. பதினெட்டாம் தேதி நாட்டுத் திருநாள். கடற்கரை மைதானத்தில் கொட்டகை போட்டு ஊரே தின்னும், குடிக்கும், கைக்குட்டையை வீசி ஆடும். அந்தக் கொட்டகைக்கான எம்பனாடா ஆர்டர் ஃப்ரெஸியாவுக்குக் கிடைத்திருந்தது. இறைச்சியும் வெங்காயமும் முட்டைத் துண்டும் ஓர் ஆலிவ் காயும் வைத்து மடித்துச் சுட்டதை மாலைக்குள் தட்டுத் தட்டாகக் கொடுத்தாக வேண்டும். குளிர்காலம் முழுக்க வியாபாரம் படுத்துக் கிடந்தது. இந்த ஆர்டர் சொதப்பினால் கடையை மூடிவிட்டுத் தங்கை வீட்டு சோபாவில் போய்ப் படுக்க வேண்டியதுதான். 

பதினேழாம் தேதி காலையில் எலியாசர் வந்ததுமே சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு சைரன் ஊதினா ஊதட்டும். நீ நகரக்கூடாது."

எலியாசர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டான். அடுப்பில் விறகை அடுக்கினான். அவன் பேசாமலிருந்ததைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டது அவளுடைய தப்பு.

மதியத்துக்கு மேல் சைரன் ஊதியது. மேஜை முழுக்க மாவு வட்டங்கள் பரப்பிக் கிடந்தன, மடித்தது பாதிகூட இல்லை. எலியாசர் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தான்.

"எலியாசர்!"

"மேட்டுத் தெருவுல புகை தெரியுதும்மா. காத்து பலமா அடிக்குது."

"உனக்குச் சம்பளம் கொடுக்கிறது நானா, அந்த சைரனா?"

"நீங்கதாம்மா."

"அப்போ கேட்டுக்கோ. இப்போ வாசப்படி தாண்டினா, திரும்ப இந்தக் கடைக்குள்ள கால் வைக்காதே."

அவன் ஒரு நொடி நின்றான். ஏப்ரனை மடித்து மேஜை ஓரத்தில் வைத்தான். கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினான்.

ஃப்ரெஸியா வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியபடி ஜன்னலுக்கு வந்தாள். எதிர்ச்சாரியில் ஹூவெனாலும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். அவன் கடை நாற்காலியில், பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் தோன் அபெலார்தோ ஒரு கன்னம் வழித்தும் மறு கன்னம் நுரையுமாக அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்போது சோய்லா தன் மீன் கடையிலிருந்து தெருவைக் கடந்து முடிதிருத்தகத்துக்குள் நுழைந்தாள். துடைப்பத்தை எடுத்து, கொட்டிக் கிடந்த முடியைப் பெருக்க ஆரம்பித்தாள். துணிக்கடைப் பெண் ஆணிக் கடைக்குப் போய்க் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மருந்துக் கடைக்காரரின் மனைவி காய்கறிக் கடைக்குள் போனாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆள் ஓடிய கடை ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் வந்து நின்றது.

அவள் கடைக்கு மட்டும் யாரும் வரவில்லை.

"கடையப் பாத்துக்க வந்தேன்" என்று ஜூன் மாதம் ஒருத்தி சொன்னது அப்போதுதான் அவளுக்கு முழுசாகக் காதில் விழுந்தது. காதுமடல் வரை சூடேறியது. எப்பேர்ப்பட்ட காரியம் பண்ணிவிட்டோம் என்று கூசிப்போனாள்.

கூச்சம் எம்பனாடா மடிக்குமா? வெங்காய வாடையடிக்கும் கையை ஏப்ரனில் துடைத்தபடி தெருவைக் கடந்தாள். முடிதிருத்தகத்து வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்கத் துணிவு வரவில்லை.

சோய்லா துடைப்பத்தை நிறுத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன வேணும்?"

அதே சொல், அதே தொனி. வேண்டுமென்றேதான் கேட்டாள். 

"கை வேணும்" என்றாள் ஃப்ரெஸியா.

"கையா? இது மீன் நாத்தம் அடிக்கிற கையாச்சே. தலைநகரத்தம்மா கடைக்கு ஆகுமா?"

"ஆகும்."

"அன்னிக்கு ஆகலையே."

"அன்னிக்கு எனக்குப் புத்தியில்ல. திருட வந்தீங்கன்னு நெனச்சேன்."

"திருடவா? உன் ரொட்டியவா?" சோய்லா தோன் அபெலார்தோவின் பக்கம் திரும்பினாள். "வாத்தியாரே, கேட்டீரா? எனக்குப் பல்லு இருக்கிறதே நாலு, நான் அந்தக் கல்லைத் திருடித் தின்னப்போறேனாம்!"

தோன் அபெலார்தோ சிரித்ததில் நுரை தெறித்தது. சோய்லா சிரிக்கவில்லை.

"ஆகஸ்டுல குழாய் உடைஞ்சு தண்ணி நின்னுபோச்சே, உன் தொட்டிய ரொப்பிட்டுப் போனாங்களே, அது யாருன்னு நெனச்ச?"

"நகராட்சி வண்டி இல்லையா?"

"நகராட்சி! அது எலியாசரு. இரண்டாம் குழு வண்டிய எடுத்துக்கிட்டு விடியக்காலையிலயே வந்து, மொதல்ல உன் கடைக்கு ஊத்தினான். ரொட்டி நிக்கக்கூடாதுன்னு. வண்டிக்கு டீசல் யாரு போட்டது? ஹூவெனாலும் நானும் இந்தத் தெருவும். நீ கூரைக்குக்கூட ஒண்ணும் தரல."

 ஃப்ரெஸியா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. அது வெங்காயத்தால் அல்ல.

சோய்லா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "சரி சரி, அழுது மாவ உப்பாக்கிடாதே. நட."

"இந்தக் கடைய யாரு பாப்பாங்க?"

"இங்க திருடறதுக்கு என்ன இருக்கு, மயிரா? இருக்கிற ஒரே வாடிக்கையும் நம்மகூட வருது. எந்திரிங்க வாத்தியாரே."

"என் கன்னம்?" என்றார் தோன் அபெலார்தோ.

"கன்னம் எங்கயும் ஓடாது. கடையப் பாத்துக்கலாம், கத்தியத் தொடக் கூடாது. அதுதான் இங்க வழக்கம். உரிக்கிறதுக்கு முட்டை இருக்கு, வாங்க."

சோய்லா சந்து வழியாகப் போய், தாழ்ப்பாள் போட்டிருந்த பின்கதவின் முன்னால் காத்து நின்றாள். முன்பக்கமாக வந்திருக்கலாம், வரவில்லை. ஃப்ரெஸியா உள்ளே ஓடித் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

அன்றைய எம்பனாடாக்களைப் போல அசிங்கமானவற்றை லாஸ் கனேலோஸ் கண்டதில்லை. சோய்லா மீனைக் காகிதத்தில் சுற்றுகிற பழக்கத்தில் ஒவ்வொன்றையும் முறுக்கினாள். கழுத்தில் துண்டும் கன்னத்தில் காய்ந்த நுரையுமாக முட்டை உரித்த தோன் அபெலார்தோ, சிலவற்றில் ஆலிவை மறந்தார், சிலவற்றில் மூன்று வைத்தார். ஆள் ஓடிய கடைகளுக்குக் காவல் நின்றவர்கள் வாடிக்கை ஓய்ந்தபோதெல்லாம் ஓடி ஓடி வந்து ஆளுக்குக் கொஞ்சம் மடித்துவிட்டுப் போனார்கள். ஃப்ரெஸியா அடுப்போடு போராடினாள். முதல் தட்டு ஒரு பக்கம் கறுத்தது. அடுத்தவை பரவாயில்லை.

சாயங்காலம் கொட்டகைக் குழுத் தலைவர் வண்டியோடு வந்தார். ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தார். 

"இதென்ன, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல?"

"இரண்டாம் குழு தீக்குப் போயிருக்கு" என்றாள் சோய்லா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அவர் தட்டுகளை வண்டியில் ஏற்றத் தொடங்கினார். அவ்வளவுதான். சைரன் ஊதிய நாளில் செய்த பண்டத்துக்கு இந்த ஊரில் குறை சொல்ல மாட்டார்கள். அந்தச் சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, மீறினவரும் இல்லை.

வண்டி போனது. சோய்லா மீன் கடைக்குப் போனாள். தோன் அபெலார்தோ தம் நாற்காலிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் தீக்குப் போனவர்கள் கரியும் ஈரமுமாகத் திரும்பினார்கள். எரிந்தது மேட்டுத் தெருவில் வலை பின்னுகிறவர் வீடு. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, பாதி வீட்டைக் காப்பாற்றியாகிவிட்டது. ஹூவெனால் முகத்தைக் கழுவிக்கொண்டு மறு கன்னத்துக்குப் புதிதாக நுரை போட்டான்.

எலியாசர் கடை வாசலில் வந்து நின்றான். வாசப்படியைத் தாண்டவில்லை.

"என் கோட்டு உள்ள இருக்கும்மா. எடுத்துக் கொடுத்துட்டீங்கன்னா போயிடுவேன்."

ஃப்ரெஸியா ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கேட்டுப் பழகாத வாய்க்கு அது வரவில்லை. அவனும் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

மறுபடியும் சைரன் ஊதியது. காற்றில் பழைய நெருப்பு கிளம்பிவிட்டதென்று தெருவில் யாரோ கத்தினார்கள். எலியாசர் மேட்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

"என்னடா நிக்கிற?" என்றாள் ஃப்ரெஸியா. "ஓடு!"

"அப்போ நாளைக்கு..."

"நாளைக்குக் காலையில மாவு உன் பாட்டனா வந்து பிசைவான்? கோட்டு இங்கயே இருக்கட்டும். ஓடுடா!"

கரி அப்பிய முகத்தில் பல் மட்டும் தெரிய அவன் ஓடினான். எதிரே ஹூவெனாலும் ஓடினான். ஃப்ரெஸியா கோட்டைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, தன் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுத் தெருவைக் கடந்தாள். இப்போது முடிதிருத்தகத்துப் படியில் அவள் கால் தயங்கவில்லை.

தோன் அபெலார்தோ, மறு கன்னத்தில் புது நுரையோடு, எதிரிலிருந்த முகக்கண்ணாடியில் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உனக்கென்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம் வாத்தியாரே. கடையப் பாத்துக்க வந்தேன்."

துடைப்பத்தை எடுத்தாள். பெருக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகத் தன் கடையைப் பார்த்தாள். சோய்லா ஈரக் கையைத் துடைத்தபடி பின்கதவுக்குப் போகும் சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். பின்கதவு தாழ்ப்பாள் போடாமல்தான் இருந்தது.