பந்தைப் பிடிக்கும் விரல்

ஃபரோ தீவுகளில் காற்றில்லாத நாளில் பெனால்டி அடித்துவிட்டு ஒருவன் பெருமையடித்துக்கொண்டால் அவனுக்குக் காபி கூடக் கிடைக்காது. மற்ற நாட்களில் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போவதற்குள் அது கடலைப் பார்த்துக் கிளம்பிவிடும். அதனால் ஒருவன் குப்புறப் படுத்து, கையை நீட்டி, ஒரு விரலால் பந்தை அழுத்திக்கொள்வான். அடிப்பவனின் கால் பந்தைத் தொடும் நொடியில் விரலை எடுக்க வேண்டும். முந்தினால் பந்து நகரும். பிந்தினால் விரல் போகும்.

எங்கள் தேசிய அணியில் அந்த வேலை ஹானுஸுடையது. என் தங்கை மரியுனின் கணவன். ஊரில் வீடுகளுக்கு ஒயரிங் செய்பவன். அவனுடைய வலது ஆட்காட்டி விரல் நடு மூட்டில் உடைந்து வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். பள்ளிக்கூட நாட்களில் பந்தைப் பிடித்திருந்தபோது சீமுன் உதைத்த உதை அது. சீமுன் மீன் தொழிற்சாலைக்காரன், எங்கள் அணியில் கோல் அடிப்பவன். அவன் கால் அவன் பேச்சையே கேட்காது. விரலை முறித்ததும் அவன்தான், இன்றுவரை அதைக் கிண்டல் செய்வதும் அவன்தான்.

"வழி கேட்டா மட்டும் அந்த விரலைக் காட்டாதடா. கப்பல் பாறையில ஏறிடும்" என்பான்.

அந்த முறிவுக்குப் பிறகு ஹானுஸ் பந்தை இடது கையால் மட்டுமே பிடிப்பான். வலது கையில் மரியுன் பின்னிய கம்பளிக் கையுறை. கோடையிலும் மைதானத்தில் அதைக் கழற்ற மாட்டான்.

நான் யால்மர், கோல்கீப்பர். எங்கள் கால்பந்து வரலாற்றை யாராவது எழுதினால் பாதிப் பக்கங்களில் நான் குனிந்து வலையிலிருந்து பந்தை எடுக்கும் படம்தான் இருக்கும். சின்ன நாடு, தச்சர்களும் வாத்தியார்களும் ஆடும் அணி, நன்றாகப் போராடினார்கள் என்று தோளில் தட்டுவார்கள். அந்தத் தட்டு இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடத் தகுதிச் சுற்றில் ஒரு பெரிய நாட்டோடு மோதினோம். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள். முதல் ஆட்டம் அவர்கள் ஊரில். நாலு பக்கமும் வானத்தை மறைக்கும் அரங்கம். ஒரு முடி பறக்காது. அதிசயமாக எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. சீமுன் பந்தை வைத்தான். ஹானுஸ் ஓடிவந்து, பழக்க தோஷத்தில், பந்துக்குப் பக்கத்தில் தொப்பென்று படுத்து விரலை வைத்துவிட்டான்.

அரங்கமே ஒரு கணம் முழித்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தது. அவர்களுடைய பத்தாம் நம்பர் ஆட்டக்காரன் எதிரில் வந்து தானும் படுத்துக்கொண்டு, இரண்டு கையிலும் கன்னத்தை வைத்து, கேமராவைப் பார்த்துப் போஸ் கொடுத்தான். அந்தக் கூத்தில் சீமுன் பந்தை வானத்துக்கு அனுப்பினான். அதற்கப்புறம் நான் வலையில் குனிந்துகொண்டே இருந்தேன். தொலைக்காட்சிகளில் அந்தப் படம் திரும்பத் திரும்ப ஓடியது. ஹானுஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தினேன்.

இரண்டாவது ஆட்டம் எங்கள் மண்ணில், மலையை வெடிவைத்துச் சமன்செய்த மைதானத்தில். செப்டம்பர் மாதம். மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. மேட்டில் கார்களை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து, உலர்ந்த ஆட்டுக்கறியைச் சீவித் தின்றுகொண்டு ஜனங்கள் ஆட்டம் பார்த்தார்கள். நல்லது நடந்தால் ஹாரன் அடிப்பார்கள். முதல் பாதியில் சீமுன் கார்னரிலிருந்து உதைத்த பந்தை யாருமே தொடவில்லை. காற்றே அதைத் திருப்பி உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஹாரன் சத்தத்தில் மலைமேல் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின.

ஒன்றுக்குப் பூஜ்யம். எங்கள் மண்ணில் இப்படிப்பட்ட அணியை நாங்கள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இரண்டாம் பாதி முழுக்க அவர்கள் எங்கள் கோலை முற்றுகையிட்டார்கள். நான் உதைத்த பந்தெல்லாம் காற்றில் எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போனது. கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்து அதைத்தான் பார்த்தேன்.

முடியப்போகிற நேரத்தில் எங்கள் ஆள் ஒருவன் கையில் பந்து பட்டது. பெனால்டி.

பத்தாம் நம்பர் பந்தை வைத்தான். அது உருண்டது. எடுத்துவந்து வைத்தான். மறுபடி உருண்டது. குதிகாலால் குழி பறிக்கப் பார்த்தான். செயற்கைப் புல்லில் குழி எங்கே விழும்? தன் அணியில் ஒருவனைப் பிடிக்கச் சொன்னான். அவன் குந்திக்கொண்டு, அருவருப்போடு இரண்டு விரலை வைத்தான். பத்தாம் நம்பர் ஓடிவரத் தொடங்கியதும் பயந்து கையை இழுத்துக்கொண்டான். பந்து மறுபடி உருண்டது. அதற்கு மேல் அவர்களில் யாரும் முன்வரவில்லை.

"நல்லா வேணும்" என்றான் சீமுன் என் காதுபட. "விடியற வரைக்கும் உருட்டிக்கிட்டே இருக்கட்டும்."

எனக்கும் குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனால் நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடிக்க முடியாவிட்டால் ஆட்டத்தை இத்துடன் நிறுத்திவிடுவேன், வேறு இடத்தில் முதலிலிருந்து ஆட வேண்டிவரும் என்றார். வேறு இடம் என்றால் காற்றில்லாத இடம். சீமுனின் கோலும் கணக்கில் வராது.

அப்போதுதான் ஹானுஸ் நடுவரிடம் போய் ஏதோ சொன்னான். நடுவர் தோளைக் குலுக்கித் தலையாட்டினார். அவன் பந்தை நோக்கி நடந்தான்.

"ஹானுஸ், உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன். "அவனுக்கா பிடிக்கப் போற?"

"பந்து நிக்கணும் மச்சான். நிக்கலைன்னா ஆட்டம் போயிடும்."

"நின்னா கோல் போயிடும்டா."

"அதுக்குத்தானே நீ நிக்கிற" என்றான்.

மேட்டில் ஒரு ஹாரன்கூட இல்லை. அவனை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அந்த நிமிடத்தில் அவனைக் கடலில் தள்ளியிருப்பேன். விரலைக் கொஞ்சம் முன்னால் எடுத்துவிடுடா, யாருக்குத் தெரியப் போகிறது என்று மனசுக்குள் கெஞ்சினேன். எடுக்க மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும்.

அவன் பல்லால் கையுறையைக் கடித்து இழுத்தான். வலது கைக் கையுறை. ஈரத்தில் குப்புறப் படுத்து, வலது கையை நீட்டி, அந்தக் கோணல் விரலைப் பந்தின் மேல் வைத்தான். பந்து ஆணி அடித்ததுபோல் நின்றது.

பத்தாம் நம்பர் பின்னால் போகவில்லை. குனிந்து விரலையே பார்த்தான்.

ஹானுஸ் தன் உடைந்த இங்கிலீஷில் அவனிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "அடி. பயப்படாத. இது ஏற்கெனவே உடைஞ்சதுதான்."

அவன் பின்னால் போனான். நின்றான். மூச்சை இழுத்துவிட்டான். நான் அவன் கண்ணைப் பார்த்தேன். சாதாரணமாக அடிக்கிறவன் கோலின் ஒரு மூலையைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பான். இவன் விரலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஓடிவந்தான். கடைசிக் காலடி மட்டும் குறுகியது. காலை முழுசாக வீச அவனால் முடியவில்லை. ஹானுஸ் விரலைச் சரியான நொடியில்தான் எடுத்தான், அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். பந்து என் இடப்பக்கம் தரையோடு தரையாக, அரைமனதோடு வந்தது. விழுந்து அதை மார்போடு கட்டிக்கொண்டேன். மேட்டில் இருந்த அத்தனை கார்களும் ஒரே நேரத்தில் அலறின. கடைசி விசில் ஊதியபோது நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அப்புறம் பத்தாம் நம்பர் எங்கள் உடைமாற்றும் அறை வாசலுக்கு வந்தான். ஹானுஸின் கையைப் பிடித்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னால அடிக்க முடியல" என்றான்.

ஹானுஸ் அவனுக்கு ஒரு காபி ஊற்றிக் கொடுத்தான். சீமுன் மட்டும் வழக்கம்போல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அதை உடைச்சது நான்தான். எனக்கும் ஒரு நன்றி சொல்லச் சொல்லு" என்றான்.

எங்கள் தீவுக்குத் திரும்பும் படகில் மேல்தளத்தில் நானும் ஹானுஸும் மட்டும் நின்றோம். கேட்காமல் விட என்னால் முடியவில்லை.

"இத்தனை வருஷமா இடது கையாலதானே பிடிப்ப. இன்னிக்கு எதுக்குடா வலது கை?"

அவன் கையுறையைப் பிழிந்து மாட்டிக்கொண்டான்.

"பந்து அசைஞ்சுதா?"

"இல்ல."

"முன்னாடியே எடுத்தேனா?"

"இல்ல."

"அப்புறம் என்ன மச்சான். எந்த விரலால பிடிக்கணும்னு சட்டம் இருக்கா?" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான்.