கைநாட்டுக்கு மேலே எழுதியிருந்தது

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்... சட்டைப்பையை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான் கித்தேரியான், இருந்தது, பத்தொன்பது வருசமாக இந்தக் காப்பக வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய கடன், வட்டி போட்டால் எவ்வளவு ஆகும், சிஸ்டர்மார் வட்டி கேட்பார்களா, கேட்டால் நல்லது என்றுகூடத் தோன்றியது, கூடக் கொடுத்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகுமோ என்னவோ. துறைமுகத்தில் காலை ஷிப்டு முடிந்து, உப்பு மூட்டை சுமந்த தோளைக்கூடக் கழுவாமல் நேரே வந்துவிட்டான், வீட்டுக்குப் போயிருந்தால் விக்டோரியா எங்கே கிளம்புறீர் என்று கேட்டிருப்பாள், என்ன சொல்வது, அவள் வயிற்றில் இருந்ததற்காக வாங்கிய பணமல்லவா. அடுக்களையிலிருந்து சமையல்காரி ஜெயஷீலா, கோயிலில் பார்த்த பழக்கத்தில், எட்டிப் பார்த்தாள், “என்ன அண்ணாச்சி, கரையாம வந்து சேந்திட்டியளா? மழ பெஞ்சிருந்தா வாசல்ல உம்ம வேட்டிதான் கெடந்திருக்கும்.” உள்ளே வயிறும் தானுமாய்க் கீரை ஆய்ந்துகொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் சிரித்தன. வீட்டில் கதவைச் சாத்தியதால் இங்கே வந்தவர்கள்... சின்னவளுக்குப் பத்தொன்பது இருக்குமா, ஏன் எல்லாவற்றையும் பத்தொன்பதாகவே எண்ணுகிறோம்.

அந்த வருசம் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டு மூன்று மாதம் வேலை இல்லை, வீட்டில் இரண்டு பொட்டைப்பிள்ளைகள், விக்டோரியாவுக்கு மூன்றாவது தங்கியிருந்தது. கோயிலில் சாமியார் சொல்லித்தான் இருவரும் இங்கே வந்தார்கள், இதே பெஞ்சு, இசபெல்லா சிஸ்டருக்கு அப்போது தலை நரைக்கவில்லை. பெறுகிற வரைக்கும் நாங்க பாத்துக்கிடுதோம், பெத்த பிறவும் பாத்துக்கிடுதோம், ஸ்கேனுக்கும் சாப்பாட்டுக்கும் முதல்ல இத வச்சிக்கிடுங்க என்று எண்ணிக் கொடுத்தாள், பெரிய கணக்கு நோட்டைத் திருப்பினாள், மைப்பெட்டியை நீட்டினாள், அவன் பெருவிரலை வைத்தான். நாலாம் நாள் அதே ரூபாய் நோட்டுகளோடு விக்டோரியாவை பஸ் ஏற்றி, முகம் தெரியாத ஊரில் ஒரு நர்சிங்ஹோமுக்குக் கூட்டிப் போனான்... வேறு என்ன செய்திருக்க முடியும், முடிந்திருக்குமோ, சிஸ்டர்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றாளே, பிறகு ஏன், பயமா, அடுத்தவர் சோற்றில் பிள்ளை வளர்ப்பதா என்ற வீம்பா, இன்றைக்கும் பிடிபடவில்லை. திரும்பி வந்து, தானா கலைஞ்சிட்டு சிஸ்டர் என்றான். விக்டோரியாவின் தலையில் கைவைத்து அழுதாள் சிஸ்டர், விக்டோரியா அழவில்லை, அந்தக் கையை எடுத்துவிடவும் இல்லை.

அதன்பிறகு இந்தத் தெருப் பக்கமே வரவில்லை அவன், சைக்கிளைச் சுற்றுவழியில்தான் மிதிப்பான். போன வருசம் பங்குக் கோயிலில் டெல்பின் டீச்சரிடம் எழுத்துக் கூட்டப் படித்தான், ஐம்பத்தோரு வயசில். அதுவும் வினையாயிற்று, கருவுயிர் காக்கும் பவனியில் துணிப்பட்டையின் ஒரு கம்பைப் பிடிக்கச் சொன்னார்கள், மாதா கோயில் வரைக்கும் நடந்தான், நடந்துகொண்டே தலையைச் சாய்த்து அதிலிருந்ததை எழுத்தெழுத்தாகக் கூட்டினான்... பிறக்காததும் பிள்ளைதான். கம்பை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்றிருந்தது, யாரிடம் கொடுப்பது, எல்லார் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. அன்றைக்கு நினைத்ததுதான், கடனையாவது அடைத்துவிடுவது, மற்றதைச் சொல்லாமலே அடைத்துவிடுவது.

இசபெல்லா சிஸ்டர் வந்து உட்கார்ந்தாள். பணத்தை மேசையில் வைத்து, பழைய பாக்கி சிஸ்டர் என்றான். அவளுக்கு நினைவு வரவில்லை, பீரோவைக் குடைந்து அந்த வருசத்து நோட்டை எடுத்துத் தூசி தட்டினாள், பக்கம் பக்கமாய்ப் புரட்டினாள், பிறகு அவன் பக்கம் திருப்பினாள். “டெல்பின் சொன்னா, இப்ப வாசிக்கியராமே. வாசியும் பாப்போம்.” நீலம் வெளிறிப்போன தன் கைநாட்டைப் பார்த்தான், அதற்கு மேலே இருந்ததைக் கூட்டினான், மூன்றாம் குழந்தைக்கு, அ... ன்... அன்ப... அன்பளிப்பு, தந்தை கையில் கொடுத்தது.

“அப்போ இது கடன் இல்லையா சிஸ்டர்?”

“கடன்னு யாரு சொன்னா? கைநாட்டு எங்க கணக்குக்கு வாங்குனது. இங்க யாருக்கும் கடன் கொடுக்கதில்ல கித்தேரி.”

துறைமுகத்தில் பெருவிரலில் மை படுவது மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கும்போது மட்டும்தான், மை பட்டால் கடன், வேறு எதற்கு ஒருவன் விரலைக் கேட்பார்கள் என்று இத்தனை வருசமும்... அவனுக்கென்று கொடுக்கவே இல்லை, பிள்ளைக்குக் கொடுத்தது, பிள்ளையின் பணத்தை எடுத்துத்தான் பிள்ளையை... சிஸ்டர் ரூபாய் நோட்டுகளை அடுக்கி அவன் கைக்குள் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள், பாக்கி ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போம் என்றாள். எழுந்திருக்க வேண்டியதுதான், எழ முடியவில்லை, கடன் என்று ஒன்று இருந்தவரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான், இப்போது அதுவும் இல்லை.

“அது தானா கலையல சிஸ்டர். நாந்தான் கூட்டிட்டுப் போனேன். இந்தப் பணத்துலதான்.”

அடுக்களையில் ஜெயஷீலா யாரையோ ஏளா என்று அதட்டினாள். சிஸ்டர் நோட்டை மூடவில்லை, அவனை ஏசவும் இல்லை, அந்தக் கைநாட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “போவும்போது விக்டோரியா என்ன சொன்னா?” என்று கேட்டாள்.

என்ன சொன்னாள்... பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள், சேலைத்தலைப்பு காற்றில் பறந்தது, டிக்கெட் அவன்தான் எடுத்தான், நாளைக் குறித்ததும் அவன்தான், ஏதாவது சொல்லியிருப்பாள், ஒரு வார்த்தையாவது சொல்லாமலா, சொல்வதென்றால் அதற்கு அவன் கேட்டிருக்க வேண்டும், கேட்டானா, இந்தப் பத்தொன்பது வருசத்தில் ஒரு நாளாவது கேட்டானா...