கொடுத்த ஈரல்

ஆறு வருடத்துக்கு முன் என் ஈரலில் பாதியை வெட்டி என் கணவருக்கு வைத்தார்கள். அவருடையதில் புற்றுநோய். எனக்கு மிச்சமிருந்த பாதி சில மாதங்களில் வளர்ந்துவிட்டது. அவருக்குள் போனதும் வளர்ந்தது. உறவுக்காரர்கள் என்னைப் புகழ்ந்து தள்ளினார்கள். அன்று ரத்தம் கொடுக்க அவர்களில் ஒருவரும் வரவில்லை.

அடுத்தவர் உறுப்பை உடம்பு சும்மா விடாது, எதிரி என்று அடிக்கும். அதை அடக்கிவைக்கக் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். இம்மி பிசகினாலும் போடுகிறவருக்குத் தலை வலிக்கும். மாத்திரையிலும் அப்படித்தான் இருந்தேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் போன் போட்டு விழுங்கவைப்பேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

இப்போது கட்டி திரும்ப வந்திருக்கிறது. நான் கொடுத்த ஈரலிலேயே.

டாக்டரம்மா கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஊசியால் எடுத்த சதைத் துணுக்கின் படம். நடுவில் ஊதா நிறத்தில் ஒரு கும்பல், ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளிகள்.

“ஊதாவா இருக்கறது கட்டி. இந்தப் புள்ளிங்கதான் நோயை எதிர்க்கிற செல். சுத்தி நிக்குது, உள்ள போகல. போன ஒண்ணு ரெண்டையும் அந்தக் கட்டி மயக்கி வச்சிருக்கு. சிலது கட்டி வளரவே ஒத்தாசை பண்ணுது.”

“வேலியே பயிரை மேயுதுன்னு சொல்லுங்க,” என்றார் அவர். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு எதுவும் வரவில்லை.

“அதுங்களைத் தூங்க வச்சது நான் கொடுத்த மாத்திரையா?” என்று கேட்டேன்.

“அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்மா. ஆனா அது இல்லன்னா சார் இவ்வளவு நாள் இருந்திருக்கவே மாட்டார்.”

நியாயமான பதில்தான். காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட தாடை போல நெஞ்சு மரத்துக் கிடந்தது.

மயங்கிய செல்களை எழுப்ப ஒரு மருந்து இருக்கிறதாம். எழுந்தால் கட்டியை அடிக்கும். கூடவே ஈரலையும் அடிக்கலாம். மூன்று பேரில் ஒருவருக்கு அப்படி ஆகிறதாம். அப்படி ஆகிவிட்டால் ஈரலும் போய்விடும், ஆளும் போய்விடுவார். மருந்தே வேண்டாம் என்றால் ஆறேழு மாதம். யோசித்துக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு படிவத்தைத் தந்தார்.

வெளியே வரிசை நாற்காலியில் உட்கார்ந்தோம். அவர் படிவத்தை நான்காக மடித்தார்.

“வேணாம். உன் ஈரலை அடிக்க நானே ஆள் அனுப்பறதா?”

“கொடுத்தது கொடுத்ததுதாங்க. அது இப்ப உங்களுது. பேசாம கையெழுத்துப் போடுங்க.”

எரிந்து விழுந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. கடையில் வரிசை எண் கூப்பிடுகிற குரலில்தான் வந்தது.

அவர் படிவத்தைப் பிரித்து, முழங்காலில் வைத்து நீவி, கையெழுத்துப் போட்டார். பிறகு வழக்கமான நக்கலோடு கேட்டார்.

“இதுவும் போச்சுன்னா, உன்கிட்ட இருக்கறதுல இன்னொரு பாதி தருவியா?”

“போன வாரமே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ஒருத்தர்கிட்ட ரெண்டு தடவை எடுக்க மாட்டாங்களாம்.”

சிரிக்கத் திறந்த வாய் அப்படியே நின்றது. அத்தனை பேருக்கு நடுவில் அவர் அழுதார். நான் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை.