சிறைச்சீட்டின் மேல் ஒரு விரல்

துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் நஜிய்யா தன் குடும்பத்தின் பழைய காகிதங்களைப் படமெடுத்துத் தொகுத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஹம்மாதி, பிரெஞ்சுக்காரனை எதிர்த்து உள்ளே போனவர் என்று தான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த தன் தாத்தாவின் சிறைச்சீட்டைப் பெருமையாக நீட்டினார். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது.

நஜிய்யா ஒரு வரியைத் தொட்டுக் காட்டி வாசித்தாள். “ஆடு திருடினதுக்கு மூணு மாசம்னு போட்டிருக்கு, பெரியப்பா.”

அவர் முகம் வாடியது. “யாரோட ஆடு? பிரெஞ்சுக்காரனோடதா?”

“உங்க தாத்தாவோட மாமனாருது.”

“அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடும்மா.”

“விட்டா அது ஆவணமா?”

அவர் கட்டைவிரலை அந்த வரியின் மேல் அழுத்திக்கொண்டு, “இப்ப எடு” என்றார்.

அவள் எடுத்தாள். படத்துக்குக் கீழே இப்படிக் குறிப்பெழுதினாள்: ‘சிறைச்சீட்டு, 1936. குற்றம்: ஆட்டுத் திருட்டு. விரல்: பேரன் ஹம்மாதி.’