ஆறு வயதுக் கடைவாய்ப்பல்

டோர்வல் விமான நிலையத்தருகே, விமானத்துக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளில் கரண்டியும் வெண்ணெயும் அடுக்குவது என் வேலை. நாடு விட்டு வந்த ஆறு வருடமும் இதுதான். அதற்கு முன் பதினொரு வருடம் மன்னாரில் பள்ளிக்கூடப் பல் கிளினிக்கில் இருந்தேன். பிள்ளைகளின் சூத்தைப்பல்லை அடைப்பேன், பாற்பல் பிடுங்குவேன். ‘பல்லு மிஸ் வாறா’ என்றால் ஒரு வகுப்பே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்தப் பயத்துக்குக்கூட இப்போது ஏங்குகிறேன். இங்கே என்னைக் கண்டு ஒருவரும் ஓடுவதில்லை. இரண்டு வேலைக்கும் பொதுவாக மிஞ்சியது கையுறை மட்டும்தான்.

இந்த வருடம், 2006 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட கையோடு, பக்கத்து வீட்டுக் கௌரி, தன் மகள் அனோஜினியையும் ஒரு கடிதத்தையும் கொண்டு வந்தாள். நாங்கள் குடியிருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் மாடிக்கு வரும் பிரெஞ்சுக் கடிதமெல்லாம் கடைசியில் என் கதவைத்தான் தட்டும்.

“செலீனக்கா, பள்ளிக்கூடத்திலை பல்லுப் பாத்தவையாம். என்ன எழுதிக்கிடக்கு?”

பின் பல் ஒன்றில் பழுது, பல் வைத்தியரிடம் காட்டவும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இங்கே பார்த்துவிட்டுக் கடதாசி கொடுத்து அனுப்புகிறார்கள். மன்னாரில் நாங்கள் பார்த்த கதிரையிலேயே வைத்து அடைத்து, பிள்ளையைக் கணக்குப் பாடத்துக்குத் திருப்பி அனுப்பினோம்.

கை கழுவிவிட்டு அனோஜினியை யன்னலோரம் இருத்தினேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். எனக்குத் தேக்கரண்டி. அதன் பின்புறத்தால் கன்னத்தை விலக்கிப் பார்த்தேன். கீழே இடப்பக்கம், ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல். கடுகளவு ஓட்டை, பத்து நிமிட வேலை. என் வலக்கை தானாகவே ஆயுதத் தட்டைத் தேடிப் போனது. உப்புப் போத்தல்தான் தட்டுப்பட்டது.

“நீங்களே அடைச்சு விடுங்கோவன் அக்கா. ஊரிலை செய்தனீங்கள்தானே.”

“இஞ்சை எனக்கு அனுமதியில்லை கௌரி. முதலிலையிருந்து படிக்கோணும்.”

“உந்தச் சின்ன ஓட்டைக்கோ?”

“ஓம். உந்தச் சின்ன ஓட்டைக்குத்தான்.”

சரி, அடைக்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, ஒரு பல் கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். எந்தப் பல் என்று கேட்டாள் அங்கே வரவேற்பில் இருந்தவள். கீழ் இடது, முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், மெல்லும் பக்கம், வலி இல்லை என்று தடுமாறாமல் பிரெஞ்சில் சொன்னேன். வந்த முதல் வருடமே அகராதி பார்த்துப் பாடமாக்கிய சொற்கள். இதுவரை ஒருவரிடமும் சொல்லக் கிடைக்கவில்லை.

மறுமுனையில் அவள் கேட்டாள்.

“நீங்களும் பல் வைத்தியத் துறையா, மடாம்?”

இந்த ஊரில் யாராவது ஒருவர் கேட்கமாட்டாரா என்று ஆறு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. ஆமென்றால் அடுத்தது எந்தக் கிளினிக் என்று கேட்பாள். அனோஜினி இன்னும் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லை,” என்றேன். “நான் பக்கத்து வீடு.”