அவாங்கா அழைக்கிறார்

"வீட்டுல ஆளுக்கொரு ஹேன்போன் இருக்கு. இதுல வீட்டு போன் வேறயா? இந்தக் காலத்துல யாரு லா அத வாங்குறா?" என்றார் உமாபதி.

"நான் வாங்குறேன்," என்றாள் அவர் மனைவி பிரமிளா.

பேச்சு அதோடு முடிந்தது. பிரமிளா ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் உமாபதிக்கு மிஞ்சுவது கார் சாவியை எடுக்கும் வேலை மட்டும்தான். அவரும் எடுத்தார்.

புக்கிட் ரோத்தானில் பிரமிளா வீட்டுச் சமையலுக்கு நல்ல பெயர். கல்யாணம், காதுகுத்து, கோயில் பூசை என்று எது வந்தாலும் அவளும் அவள் ஓரகத்தி சந்திரிகாவும் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் அண்டாவை ஏற்றிவிடுவார்கள். குறை ஒன்றுதான். வீட்டில் முன்ஹால் ஜன்னலோரம் மட்டும்தான் போனுக்கு லைன் கிடைக்கும். கொட்டகைக்குள் கொண்டுபோனால் விலை உயர்ந்த போனும் வெறும் செங்கல். அதனால் எல்லார் போனும் ஜன்னல் திண்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அங்கே அடித்தால் கொட்டகைக்குக் கேட்காது.

கேட்காமல் போனதால்தான் வீடே இரண்டாகிக் கிடந்தது. சந்திரிகாவின் கணவர் நாராயணசாமி, உமாபதியின் அண்ணன், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் கொட்டுகிற மழையில் அவருடைய லோரி தோட்டத்துச் சாலையோரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. தம்பிக்குப் போன் செய்தார். மறுபடி மறுபடி செய்தார். ஜன்னலில் உமாபதியின் போன் அடித்தது, அடங்கியது, மறுபடி அடித்தது. உமாபதியோ கொட்டகையில் அண்டா இறக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சேறும் சகதியுமாக வந்து கேட்டருகே நின்ற அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "போன ஆஃப் பண்ணியிருந்தா கூட நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன்டா. அடிச்சிச்சு. நீ எடுக்கல."

"கேக்கலண்ணே," என்றார் உமாபதி.

"நல்லாக் கேக்கும்."

அன்றிலிருந்து அண்ணன் தினமும் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து மனைவியைக் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிடுவார். மாலையில் வந்து ஹோன் அடிப்பார். உள்ளே மட்டும் கால் வைக்க மாட்டார். கொட்டகைக்குள் கேட்காது என்று சந்திரிகா எடுத்துச் சொன்னதும் எடுபடவில்லை. முன்பெல்லாம் மத்தியானச் சோறு அவருக்கு இந்த வீட்டு ஹாலில்தான். தம்பிக்கும் வீம்பு. "நான் என்னா தப்பு பண்ணேன், நான் போயி கெஞ்ச?" என்று அவர் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டார். இதற்கு நடுவில் பிரமிளாவின் மகள் நித்தியாவுக்கு நிச்சயம் குறித்தாகிவிட்டது. தாம்பூலத் தட்டை மாற்றவேண்டியது பெரியப்பா. பெரியப்பா வருவாரா என்பது யாருக்கும் தெரியாது. சந்திரிகாவைக் கேட்டால், "எங்க அவுங்க வாயே தொறக்க மாட்றாங்க பிரமி," என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இதுதான் பிரமிளாவுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. போனால் வந்த வினையைப் போனை வைத்தே சரிசெய்வது என்று கிளம்பிவிட்டாள்.

கோல சிலாங்கூர் டவுனில் யுவனேஸ்வரன் கடையில் போன்கள் கண்ணாடி அலமாரிக்குள் பளபளத்தன. முதலில் வெள்ளையாக, ஒல்லியாக ஒன்றை எடுத்து வைத்தார். "அழகா இருக்குக்கா."

"அழகு எனக்கு எதுக்கு? ஹேன்போனோட சேருமா?"

"அது சேராது. இதுக்கு வீட்டு லைன் வேணும்."

"உள்ள வைங்க."

இரண்டாவது, ஒரே ஒரு ஹேன்போனோடு சேரும் என்றார். அதுவும் உள்ளே போனது. மூன்றாவது கறுப்பாக, கொஞ்சம் முரடாக இருந்தது. அதன் அடிப்பெட்டியை ஜன்னலருகே வைத்துவிட வேண்டியது. பக்கத்தில் இருக்கும் இரண்டு ஹேன்போன்களை அது தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அங்கே அழைப்பு வந்தால், கம்பியில்லாத குட்டி போன்கள் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அடிக்கும். எடுத்துப் பேசலாம். வீட்டு லைன் தேவையில்லை.

"கரண்டு போச்சுன்னா?"

"ஒரு குட்டி போன அடிப்பெட்டி மேலயே வச்சிட்டா கொஞ்ச நேரம் தாங்கும்க்கா."

"சத்தம்?"

யுவனேஸ்வரன் அடிக்கவிட்டுக் காட்டினார். பிரமிளா திருப்தி அடையவில்லை. கடையில் விற்பனைக்கு இருந்த காற்றாடிகளை எல்லாம் போடச் சொன்னாள். மிக்சியையும் ஓடவிடச் சொன்னாள். பிறகு குட்டி போனைக் கையில் பிடித்துக்கொண்டு, குளிர்பெட்டி வரிசையைத் தாண்டி ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் ஹேன்போனைப் பெட்டியோடு சேர்த்து, பெயர்களையெல்லாம் அதற்குள் ஏற்றியிருந்தார் யுவனேஸ்வரன். வெளியே நின்ற உமாபதி கட்டளைப்படி மனைவியின் எண்ணை அழுத்தினார்.

குட்டி போன் கணீரென்று அடித்தது. அடித்ததோடு நிற்காமல் வெள்ளைக்காரியின் குரலில், யார் கூப்பிடுகிறார் என்றும் சொன்னது: "கால் ஃப்ரம் அவாங்கா."

ஸ்டோர் ரூமிலிருந்து பிரமிளா சிரித்துக்கொண்டே வந்தாள். புருஷன் பேரைச் சொல்லிப் பழக்கமில்லாதவள், போனிலும் எழுதவில்லை. 'அவுங்க' என்று ஆங்கில எழுத்தில் போட்டு வைத்திருந்தாள். அதைத்தான் அம்மணி அந்த லட்சணத்தில் படித்தாள்.

"யாரு அது அவாங்கா? மலாய்க்காரனா?" என்றார் உமாபதி.

"நீங்கதான். காரு எடுங்க," என்று போனைக் கட்டச் சொன்னாள் பிரமிளா.

அன்றே அடிப்பெட்டி ஜன்னலில் ஏறியது. தன் போனை இணைத்த கையோடு சந்திரிகாவின் போனையும் அதிலிருந்த பெயர்களோடு பிரமிளாவே இணைத்தாள். "ரெண்டு போன் சேரும்னான்க்கா. உங்களோடதும் இருக்கட்டும்." கொட்டகைக்கான குட்டி போனை மசாலா படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு ஆணியில் மாட்டினாள். ஆர்டர் கேட்டு வந்த ஒரு அழைப்புகூடத் தவறவில்லை. உமாபதியே ஒருநாள், "நல்ல சாமான்தான்," என்று முனகினார். அந்த முனகலைப் பிரமிளா பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

நிச்சயத்துக்கு முதல் நாள் மத்தியானம் வானம் கிழிந்ததுபோல் மழை. தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற சத்தம். கீழே கேஸ் அடுப்பு இரைந்தது, கிரைண்டர் சுற்றியது. சந்திரிகா முன்ஹாலில் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலி எடுக்கப் போன உமாபதியைக் காணோம். பிரமிளா மஞ்சள் கையோடு தேங்காய்க் கூடையைப் பார்த்தாள். அடி தெரிந்தது. கேஸ் தோம்பை அசைத்துப் பார்த்தாள். அதுவும் லேசாக இருந்தது. சரியாக அப்போது ஆணியில் இருந்த அம்மணி வாய் திறந்தாள்: "கால் ஃப்ரம் அவாங்கா."

பிரமிளா பையோடு பிடுங்கித் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"எங்கங்க போனீங்க? நாற்காலி எடுக்கப் போனீங்களா, செய்யப் போனீங்களா? தேங்கா பத்தல. கேஸும் முடியப் போவுது. ரெண்டையும் எடுத்துக்கிட்டு சட்டுனு வாங்க!"

மழைச் சத்தத்துக்கு நடுவில் ஆண்குரல் ஏதோ இழுத்தது. "நாளைக்கு..." என்பது மட்டும் காதில் விழுந்தது. போதாதா?

"நாளைக்கா? நாளைக்குத் தட்ட யாரு மாத்தறது? நீங்களா? அண்ணன் இருக்கையில தம்பி மாத்துனா நித்தியா மூஞ்ச எங்க கொண்டு போயி வைப்பா? அன்னிக்கு மழையில நமக்குக் கேக்கல. அத நேரா போயி சொல்ல உங்களுக்கு வாய் வலிக்குதா? அறிவு வேணாம்? மாமா கேட்டோட திரும்பிப் போறதப் பாக்குறப்பல்லாம் எனக்குச் சோறு எறங்கல. இந்த போன எதுக்கு வாங்கினேன்னு நெனச்சீங்க, ஆர்டருக்கா? அவரு இன்னொரு வாட்டி கூப்ட்டா இந்த வீட்டுல கேக்கணும்னு வாங்குனேன்!"

மறுமுனையிலிருந்து "ம்," என்று வந்தது.

"என்னா ம்? தேங்கா பெருசா பாத்து வாங்குங்க," என்று பொத்தானை அமுக்கினாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட தெம்பில் குழம்பைக் கிளறினாள்.

சற்று நேரத்தில் உமாபதி நனைந்து வந்தார். கையில் ஒன்றுமில்லை.

"தேங்கா எங்க? கேஸ் எங்க?"

"எந்தத் தேங்கா?"

"இப்பத்தான போன்ல சொன்னேன்!"

"நான் எங்க லா போன் பண்ணேன்? கையெல்லாம் நாற்காலி."

வெற்றிலைத் தட்டோடு உள்ளே வந்த சந்திரிகா வாசலிலேயே நின்றுவிட்டாள். "பிரமி, சித்த முன்ன என் போன்தான் மினுக்கிச்சு. எடுக்கறதுக்குள்ள நீ எடுத்துட்ட."

"அக்கா, மாமா பேர போன்ல எப்படி எழுதியிருக்கீங்க?"

"எப்படி எழுதுவாங்க? 'அவுங்க'ன்னுதான்."

பிரமிளா கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூத்தார் நாராயணசாமி முன்னால் குரல் உயர்த்தியதில்லை. ஊரையே பேச்சில் மடக்குகிறவள் அவர் எதிரில் மட்டும் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அவரிடமா அறிவு வேணாமா என்று கேட்டாள்?

"அடிப்பாவி, என்னென்னா சொன்ன?" என்றார் உமாபதி.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றாள் பிரமிளா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. நாளைக்கு என்று அவர் இழுத்தது, வர முடியாது என்று சொல்லத்தான் இருக்கும். அதையும் சொல்லவிடாமல் திட்டித் தீர்த்தாகிவிட்டது. இனி அவர் இந்தத் தெருப்பக்கம்கூட வரமாட்டார் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

கேட் பக்கம் ஹோன் சத்தமில்லை. கொட்டகைக் கதவுதான் திறந்தது. நாராயணசாமி நின்றார். தோளில் கேஸ் தோம்பு, கையில் தேங்காய்ச் சாக்கு, சட்டை முழுக்கத் தண்ணீர். பிரமிளா கிரைண்டருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள். அவர் சுமையை இறக்கிவிட்டு நிமிர்ந்து தகரக் கூரையைப் பார்த்தார். இரைகிற அடுப்பைப் பார்த்தார். இந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவர்தான். சாப்பிட்டதெல்லாம் முன்ஹாலில். மழைநேரத்துச் சமையல் கொட்டகைக்குள் அன்றுதான் முதல் முறையாகக் கால் வைத்தார்.

"நாளைக்குத் தட்டு எத்தன மணிக்குடா மாத்தணும்?" என்று தம்பியைக் கேட்டார்.

உமாபதி காதருகே கையைக் குவித்தார். "என்னாண்ணே? கேக்கல!"

நாராயணசாமிக்குச் சிரிப்பு வந்தது.

"கேக்காதுதான்டா," என்று கிட்டே போய் அவர் தோளில் கைபோட்டு, காதோடு வாய்வைத்து மறுபடியும் கேட்டார்.